மொர்வலே கண்ட பனை

படத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடியின் உட்புறத்தை நன்றாகத் துடைக்க வேண்டும். வெளிப்புறத்தை வாடிக்கையாளரே துடைத்துக்கொள்வார். லண்டன் பிளேஸ்டோவில் ஒன்பது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது எத்தியேன் மொர்வலே என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றி. பிறப்பு 1831, நோர்மண்டி. இறப்பு 1883, காசநோய். அவரை உண்டாக்கியவன் நான்தான். பெரிய சிரமமில்லை. முன்பு பாரிசில் எங்கள் ஆட்களுக்கு அகதி வழக்கு எழுதிக் கொடுத்தவன் நான். திகதி பிசகக் கூடாது, குடும்பத்தில் ஒரு சாவு இருக்க வேண்டும். ஓவியருக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

படங்களை வரைந்தவன் செபமாலைமுத்து. ஊரில் கூத்துக்குத் திரைச்சீலை எழுதியவன். இங்கே வழக்குத் தோற்று, விசா இல்லாமல் என் கடையின் பின்னறையில் இருந்தான். பழைய கன்வஸ் கொடுத்தேன். சோறும் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் படத்தில் நோர்மண்டிக் கடற்கரையில் பனை ஒன்றை நட்டுவிட்டான்.

"என்னடா இது?"

"பனை, அண்ணை. கை தன்ரபாட்டில போயிட்டுது."

வேறொருவன் என்றால் அழித்திருப்பான். நான் மொர்வலேயை அந்நாளில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலுக்கு அனுப்பி, கப்பல் அலுவலகத்தில் மூன்று வருடம் எழுத்தராக வைத்தேன். அறிஞர்கள் சொக்கிப்போனார்கள். பனையை வாழ்நாளில் கண்டிராத அம்மையார் ஒருவர் அந்தப் பனையின் தனிமை பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். 2007இல் நகரத்தில் கண்காட்சிக்கு நாள் குறித்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அவனுக்குத் தமிழில் சொன்னது என் பிழை.

"அண்ணை, அது எங்கட மயிலிட்டிப் பனை. அங்க வந்து நானே சொல்லப்போறன்."

"விசா இல்லாதவனுக்கு வாய் எதுக்கடா?"

"பிடிச்சாப் பிடிக்கட்டும். ஒரு படத்திலயாவது என்ர பேர் இருக்கோணும். பிறக்காத வெள்ளைக்காரனுக்கே நீங்கள் பேர் வைச்சனியள்."

நியாயமான பேச்சு. நானும் நிதானமாக யோசித்தேன். ஒரு பனைக்கு இரண்டு ஓவியர் இருக்க முடியாது. மொர்வலேக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஆகவே குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று போட்டேன். பெயர், முகவரி, அவன் கடையில் இருக்கும் நேரம், எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில்.

காலையில் வந்தார்கள். நானே கதவைத் திறந்தேன். விரலில் பச்சை வர்ணத்தோடு அவனைக் கூட்டிப்போனார்கள்.

"அண்ணை, லோயருக்குப் போன் அடியுங்கோ" என்றான்.

"ஓமடா" என்றேன். அடிக்கவில்லை.

கொழும்பில் இறங்கியது வரை தகவல் உண்டு. விமான நிலைய வாசலில், ஆட்களைத் தூக்கிப்போகும் வெள்ளை வான் ஒன்று நின்றதாம். அவன் மனைவி மெற்றில்டா இரண்டு தடவை போன் எடுத்து, "அவர் எங்க அண்ணை?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பொய்யில்லை.

கண்காட்சி சிறப்பாக நடந்தது. மொர்வலே பெயரில்லாமல், கேட்பாரில்லாமல் செத்தார் என்று அம்மையார் தழுதழுத்தார். ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நின்றோம். எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு கலைஞனைக் கைவிட மனச்சாட்சி உள்ள எவனுக்காவது மனம் வருமா, சொல்லுங்கள்.