மூடியில் பாதி

துவைத்த துணி மணக்க வேண்டும் என்று ஆசைப்படாத பெண் உண்டா, இன்ஸ்பெக்டரம்மா?

அம்மா இறந்தபோது தம்பி காசிக்கு ஒன்பது வயது. அவனை வளர்ப்பதற்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்தாலே மணக்கும். தரை துடைக்க ஒரு வாசனை, கூடத்துக்கு ஸ்பிரே, துணி அலச மல்லிகைத் திரவம்.

காசி கட்டிக்கொண்டு வந்த சௌபர்ணிகாவுக்கு ஆஸ்துமா.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. இந்தச் செண்டு வாசனையெல்லாம் எனக்கு மூச்சை அடைக்குது. டாக்டரும் கூடாதுன்னுட்டாக."

மரியாதையாகத்தான் சொன்னாள். அன்றே காசி பாட்டில்களை எல்லாம் குப்பையில் போட்டான். மல்லிகையை மட்டும் நான் எடுத்து ஒளித்துவைத்தேன்.

நடிக்கிறாளா என்று பார்க்கத்தான் முதல்முறை அவள் தலையணை உறையை அதில் அலசினேன். மூடியில் பாதி, அவ்வளவுதான். மற்றவர்களுக்குத் தெரியாத வாசனை. அவள் மூச்சுக்குத் தெரிந்துவிட்டது. விடிந்ததும் இரைக்க ஆரம்பித்தது.

நடிப்பில்லை என்று எனக்கு அப்போதே புரிந்தது. பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். இரைப்பு வந்தால் அவள் அரியக்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நாட்களில் காசி என் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பான்.

போன வெள்ளிக்கிழமை அவன் குன்றக்குடி கோயிலுக்குப் போயிருந்தான். மத்தியானம் சௌபர்ணிகா ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திப் படுத்தாள். அவள் அசந்து தூங்கியதும், மிச்சமிருந்ததை முழுவதும் திரைச்சீலையில் தெளித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து துணி மடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். "மதினி... அந்தப் பம்ப்பை எடுத்துத் தாங்க."

இன்ஹேலர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்னும் நாலு புடவை பாக்கி. மடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

திரைச்சீலையை எரித்துவிட்டேன். அறையை வெந்நீர் ஊற்றி மூன்று தடவை கழுவினேன். போகவில்லை. இந்த ஸ்டேஷனிலும் மல்லிகை மணக்கிறது. அந்த ஏட்டையா இருமும்போதெல்லாம் "மதினி" என்று கேட்கிறது. அவரைக் கொஞ்சம் அங்குட்டுப் போய் இருமச் சொல்லுங்கள்.

புகார் கொடுத்ததே காசிதான் என்கிறீர்கள். துக்கத்தில் இருக்கிறான், பாவம். சரியாகிவிடும். இனிமேல் அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?