சுவரில் விழுந்த பள்ளம்

நெடுங்கேணியிலிருந்து வவுனியா போகும் பஸ். முன் இருக்கையில் வயல் செய்யும் இரண்டு கமக்காரர். ஒருவர் சால்வைக்காரர், மற்றவர் குடைக்காரர்.

"எங்கட வீட்டு மண்சுவரை மாடு நக்கிப் பள்ளமாக்கிப்போட்டுது," என்றார் சால்வைக்காரர்.

"சினைமாடோ?"

"ஓம். போன வருசம் போட்ட கண்டுக்குட்டி எழும்பாமலே செத்தது. மாட்டின்ர உடம்பில சத்துக் குறைவாம், அதுதான் சுவரை நக்குதாம். இந்தமுறை மாட்டு டொக்டர் செம்பு, இரும்பெல்லாம் சேர்த்த உப்புக்கட்டி ஒண்டு நக்கத் தந்தவர். தொழுவத்தில கட்டிவிட்டனான்."

"பிறகு?"

"கண்டுக்குட்டி பிறந்தவுடனை எழும்பிப் பால் குடிச்சுது. மாடு இப்ப சுவர்ப் பக்கமே போறேல்லை."

"அப்ப சுவரைப் பூசியாச்சோ?"

"எங்கை பூசிறது? பள்ளம் இன்னும் பெரிசாகுது."

குடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சால்வைக்காரர் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்ப என்ர மனிசி சுரண்டித் தின்னுறா. மூண்டாம் மாசம்."