கதவை மறைத்து நின்றவள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மலைக் கணவாய்ப் பாதை விடிந்த பிறகுதான் திறக்குமாம். அதுவரை இந்த அடுப்பும் நாமும்தான்... தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம். மற்றவர்கள் கேளுங்கள்.

இது ரக்மானின் சித்தப்பாவுக்கு நடந்தது. ரக்மான் என்னோடு லாரி ஓட்டுகிறவன். பொய் சொல்லத் தெரியாத ஆள். சித்தப்பாவின் பெயர் எசென்குல். நாரின் ஊரில் கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்.

அக்டோபர் மாதம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம். ஆற்றை ஒட்டிப் போகும் மண்சாலை... எதிரே ஒரு வண்டி இல்லை. மேய்ச்சலுக்குப் போன ஆடுகள்கூட ஊர் திரும்பிவிட்டிருந்தன. எசென்குல் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார். சாலை முடியும் இடத்தில், ஆற்றங்கரையில், ஊரின் கடைசி வீடு. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் விருந்து அங்கே. வெளிச்சம் போவதற்குள் குடும்பப் படம் எடுத்துவிட வேண்டும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு படம் எடுத்ததும் தலையைக் குனிந்து கேமராவின் திரையைப் பார்ப்பார். எடுப்பார், குனிவார். எடுப்பார், குனிவார். எதிரே நிற்கிற ஆட்களை நிமிர்ந்து பார்ப்பதே குறைவு. அவர் மனைவி கேலி செய்வாள். "தானியம் பொறுக்குற கோழி மாதிரி என்ன இது... மனுஷங்களை நேரா ஒரு தடவை பாருங்களேன்."

"நேர்ல எல்லாரும் கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்காங்க. படத்துலதானே மூடிக்கிறாங்க" என்பார் இவர்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. விருந்தெல்லாம் முற்றத்துக் கூடாரத்தில். கதவுக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தினார். நடுவில் மணப்பெண் மீரிம். ஒரு பக்கம் அவள் அம்மா புருல்சா, மறுபக்கம் அப்பா ஜுமாபெக். பின்னால் மாமன்மார், அத்தைமார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விறகடுக்கு, அதைத் தாண்டி ஒரு படல். படலுக்கு அப்பால் சரிவு, கீழே ஆறு. எல்லாமே படத்தின் இடது ஓரத்தில் விழுந்தது. பெரிய கொப்பரையில் ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை. தெருவில் மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

முதல் படம். குனிந்தார். மீரிமின் கண் திறந்திருந்தது. நல்லது. ஆனால் எல்லோருக்கும் பின்னால், கதவை ஒட்டி ஒருத்தி நின்றாள். பச்சைத் தலைத்துணி. முதுகுதான் தெரிந்தது. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் சாத்திய கதவைப் பார்த்து நின்றாள்.

எசென்குல் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார்.

"பச்சைத் துணி கட்டின தங்கச்சி... கதவை மறைச்சுக்கிட்டு நிக்காதேம்மா. தள்ளிப் போ."

ஹாரன் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அப்படித்தான் அவர் நினைத்தார்.

இரண்டாவது படம். குனிந்தார். கதவருகே அவள் இல்லை. விறகடுக்குப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அதே முதுகு. சரி, சொன்னதும் நகர்ந்துவிட்டாள்... மூன்றாவது படத்தில் படலருகே இருந்தாள். கோபித்துக்கொண்டாள் போல என்று நினைத்தார். நான்காவதில் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தாள். சின்னதாகத் தெரிந்தாள். பெரிதாக்கிப் பார்த்தார். தலைத்துணி தோளோடு ஒட்டியிருந்தது. பாவாடை காலோடு ஒட்டியிருந்தது. நனைந்திருந்தாள். அந்தக் குளிரில்.

அப்போதுதான் எசென்குல் நிமிர்ந்தார். சரிவைப் பார்த்தார்.

காய்ந்த புல். யாருமில்லை. கீழே ஆற்றுச் சத்தம் மட்டும்...

"ஏங்க, பச்சைத் துணி கட்டின பொண்ணு யாரு? ஈரத் துணியோட தனியா ஆத்துப் பக்கம் போகுது, யாராவது கூப்பிடுங்களேன்."

மாமன் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மணப்பெண் அம்மாவின் கையைப் பிடித்தாள். புருல்சா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு வந்தாள்.

"எங்கே பார்த்தே? காட்டு தம்பி."

காட்டினார். சரிவில் நிற்கும் படம். புருல்சாவின் மூச்சு பட்டுத் திரையில் ஆவி படிந்தது. துடைத்தாள்.

"இன்னொன்னு இருக்கா?"

பொத்தானை அழுத்தினார். படலருகே நிற்கும் படம். இன்னொரு முறை. விறகடுக்கு. இன்னொரு முறை. கதவு.

"வர்றா" என்றாள் புருல்சா. "ஆத்துலேருந்து ஏறி வர்றா. பாரு... கதவுகிட்ட வந்துட்டா."

எசென்குலுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொத்தானை அழுத்தினால் கேமரா கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குத்தான் போகும். எடுத்த வரிசை அதுவல்ல. எடுத்த வரிசையில் அவள் கதவிலிருந்து கிளம்பி ஆற்றுக்குப் போகிறாள். வரவில்லை. போகிறாள்.

சொல்ல வாயைத் திறந்தார். ஜுமாபெக் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"என்னவா இருந்தாலும் வேண்டாம். அவ மூஞ்சியைப் பாரு. சொல்லாதே."

அதற்குள் புருல்சா ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்திருந்தாள். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, காலியான முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வாடி. நனைஞ்சிருக்கே... உள்ளே வா."

பிறகு இவரைப் பார்த்து, "இப்ப எடு தம்பி" என்றாள்.

எடுத்தார். குனிந்தார். திறந்த கதவு, பக்கத்தில் புருல்சா. வேறு யாருமில்லை. அதை அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் இளகியது.

"உள்ளே போயிட்டா."

அன்றைக்கு அவள் மீரிமை அழாமல் அனுப்பிவைத்தாள். ஊரே அதைப் பார்த்துத்தான் அழுதது.

காரில் சாமான்களை வைக்கும்போது ஜுமாபெக் சொன்னார். அந்தப் பச்சைத் துணிக்காரி ஜிபெக், அவருடைய மூத்த பெண். போன வருஷம் பனி உருகுகிற சமயத்தில், அக்கரை ஊர்ப் பையன் ஒருவன் ஆட்களோடு வந்து அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த வீட்டுப் பெண்கள் அவள் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். கட்டிவிட்டால் அவள் அந்த வீட்டு மருமகள். போலீசுக்குப் போகலாம் என்றார் ஜுமாபெக். புருல்சாதான் தடுத்தாள். "விழுந்த இடத்துலதான் கல்லுக்குக் கனம்" என்றாள். போன வீட்டிலேயே பெண் இருக்க வேண்டுமாம். ஜிபெக் மூன்றாம் நாள் இரவு வெள்ளைத் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு, தன் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பாலம் தூரம். ஆற்றில் இறங்கியே வந்திருக்கிறாள். "நான் அன்னைக்கு மேய்ச்சல்ல இருந்தேன்" என்றார் ஜுமாபெக். "இவ அவளைத் திருப்பி அனுப்பிட்டா. போகும்போது ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

எசென்குல் வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அந்தப் பெண் எதிலும் இல்லை. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் இருந்தாள். அழிக்க மனம் வரவில்லை. கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுச் சேதி வந்துகொண்டே இருந்தது. புருல்சா கதவைச் சாத்துவதே இல்லையாம். பனி வீட்டுக்குள் விழுகிறதாம். இரண்டு கிண்ணத்தில் தேநீர் ஊற்றுகிறாளாம். ஜுமாபெக் நெஞ்சுச்சளியோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம். ஒவ்வொரு சேதி கேட்கும்போதும் எசென்குல் தன்னையே கேட்டுக்கொண்டார். ஜிபெக் கதவுக்கு எதிரேதானே நின்றாள்... தள்ளிப் போ என்று சொன்னது யார்?

பனி உருகியதும் கிளம்பிப் போனார். கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல பகல். கதவு விரியத் திறந்திருந்தது. புருல்சா முற்றத்தில் கம்பளத்தைக் கொடியில் போட்டுக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

எசென்குல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அம்மா, படத்தை நான் கடைசியிலேருந்து காட்டிட்டேன். உங்க பொண்ணு வரலைம்மா. கதவுகிட்ட நின்னுச்சு. நான்தான் தள்ளிப் போன்னு சொன்னேன். போயிடுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்..."

புருல்சா குச்சியைக் கீழே வைத்தாள்.

"நீ சொன்னதுக்கா போனா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "திருப்பி அனுப்பினேன்னுதானே ஊர்ல சொல்றாங்க. அது என் வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்ன கதை. நான் அவ மூஞ்சியைக்கூடப் பார்க்கலை தம்பி. தட்டினா. அம்மான்னு கூப்பிட்டா. உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன். எவ்வளவு நேரம் நின்னாளோ... அப்புறம் சத்தம் இல்லை. புத்தி வந்து போயிட்டான்னு நெனச்சேன். படுக்கையைப் போட்டுத் தூங்கிட்டேன்."

காற்றே இல்லை. கம்பளம் அசையாமல் தொங்கியது. திறந்திருந்த கதவு மெதுவாக நகர்ந்தது. கீல் முனகியது. சேறும் பனித்தண்ணீரும் கலந்த ஆற்று வாடை ஒரு கணம் முற்றத்தில் வீசியது. கதவு சாத்திக்கொண்டது. பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள்...

கடக்.

"வீட்டுல யாரும்மா?" என்றார் எசென்குல்.

புருல்சா கதவருகே போனாள். தள்ளிப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மரத்தில் வைத்தாள். பிறகு விரல் முட்டியால், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது போல, மெதுவாகத் தட்டினாள்.

"ஜிபெக்... அம்மாடி."

"பின்னால ஜன்னல் இருக்கும்ல, உடைச்சு உள்ளே இறங்கட்டுமா?" என்றார் இவர்.

"வேண்டாம். நீ கிளம்பு தம்பி. இருட்டினா ரோடு சரியில்லை."

"நீங்க?"

"நிக்கிறேன்."

எசென்குலுக்கு அவளை விட்டுப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளைக் கூப்பிடலாம் என்று கதவுக்குப் பக்கத்தில் போனார். அப்போது அவருக்கும் கேட்டது.

உள்ளே யாரோ படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.