மெஷின் குத்து நேராக விழும்

சார், முதலில் அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல மெஷின். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. அதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்று என் தங்கை அழுதுகொண்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மெஷினில் சிக்கி இறந்தார் என்று நீங்களும் எழுதிவிட்டீர்கள். வாயில்லாப் பொருளின் தலையில் பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. செத்துப்போன நாய், பூனையின் போட்டோவைக் கொடுப்பார்கள். கம்பளியில் அச்சு அசலாகச் செய்து தருவோம். தையல் கிடையாது, பசை கிடையாது, ஊசி மட்டும்தான். அந்த ஊசியில் பொடிப்பொடியாக முட்கள் இருக்கும். குத்தும்போது கம்பளி இழையை உள்ளே இழுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டு வரும். குத்தக் குத்தக் கம்பளி இறுகும். உள்ளே போன இழையை எந்தக் கொம்பனாலும் வெளியே எடுக்க முடியாது.

தங்கை வீட்டுக்காரர் தங்கமான மனிதர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட என்னை ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. நான் மணிக்கட்டில் தைலம் தேய்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மெஷின் வாங்கினார்.

"அண்ணி, இப்படியே குத்திட்டிருந்தா கை பாழாப்போயிடும். இனிமே மெஷின் குத்தட்டும்" என்றார்.

தட்டு நிறைய ஊசிகள் தடதடவென்று ஏறி இறங்கும். நான் ஒரு வாரம் குத்துவதை, ஒருவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அது தகடாக்கிவிடும். சுருட்டினால் உடம்பு தயார். போகப்போக முகத்தையும் அவரே மெஷினில் செய்யப் பழகிக்கொண்டார். எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை.

அப்புறம் ஒரு தபால்காரர் வந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் நாய்களுக்குப் பயந்து ஓடியவர், ஓய்வு பெற்றபின் ஒரு பழுப்பு நாயின் மேல் உயிரையே வைத்திருந்தார். அது செத்துப்போய், போட்டோவோடு வந்திருந்தார். அந்த நாயை நான் கையால் செய்தேன். அதன் இடது காது லேசாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்காகவே தூக்கம் கெட்டேன். தங்கை வீட்டுக்காரர் அதே போட்டோவைப் பார்த்து மெஷினில் இன்னொன்று செய்தார். எது யாருடையது என்று சொல்லாமல் இரண்டையும் மேஜையில் வைத்தார், சும்மா வேடிக்கைக்கு.

தபால்காரர் மெஷின் நாயை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இவன்தான். இவனேதான்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். என் நாயை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அதை எடுத்து மடியில் வைத்துக் காதை மறுபடியும் குத்தத் தொடங்கினேன்.

தங்கை அவரை பஸ் ஏற்றிவிடப் போனாள். தங்கை வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "பாத்தீங்களா அண்ணி, இனிமே நீங்க கஷ்டப்படவே வேணாம்" என்றார். சொல்லிவிட்டு, மெஷின் தட்டில் சிக்கியிருந்த, அடுத்த பூனைக்கான வெள்ளைக் கம்பளியை எடுக்கக் குனிந்தார்.

நான் என் நாயின் காதை இன்னும் குத்திக்கொண்டிருந்தேன். நாலைந்து ஊசிகளைச் சேர்த்துப் பிடிக்கும் மரக்கைப்பிடி கையில் இருந்தது. அவர் கழுத்து எதிரே இருந்தது. முதல் குத்து அவருக்குப் புரியவில்லை.

"அண்ணி, ஊசி பட்டுடுச்சு" என்றார்.

"ஆமா மாப்பிள்ளை, அசையாதீங்க" என்றேன்.

சொன்ன பேச்சைக் கேட்பவர், அசையாமல்தான் இருந்தார். எங்கள் வேலையில் பாதியில் கை எடுக்கக் கூடாது, இறுகும்வரை குத்த வேண்டும். கழுத்து மேலே மிருதுவாகவும் உள்ளே கெட்டியாகவும் இருந்தது. பக்கவாட்டில் இன்னும் சுலபமாகப் போயிற்று. அவர் முன்பக்கமாக மெஷின் ஊசிகளுக்கு அடியில் சரிந்தபோது கை சுவிட்சில் பட்டு மெஷின் ஓடத் தொடங்கியது. கன்னத்தில் இருப்பதெல்லாம் அதன் வேலை. நான் அதை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

நீங்கள் இன்னொரு முறை பாருங்கள், சார். கன்னத்தில் குத்துகள் வரிசையாக, நேராக இருக்கும். கழுத்தில் சாய்ந்து சாய்ந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும். எந்த மெஷினுக்கும் அது வராது. காயத்துக்குள் கம்பளி இருந்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், நிறத்தை எழுதவில்லை. மெஷினில் இருந்தது வெள்ளை. கழுத்துக்குள் இருப்பது பழுப்பு, என் நாயின் காது. தபால்காரருக்கு வித்தியாசம் தெரியாமல் போயிற்று, போகட்டும். உங்களுக்காவது தெரிய வேண்டும்.

அவரைக் கொன்றது நான், என் கையால். தங்கையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் கடைசிவரை என்னைத் தப்பாக நினைக்கவில்லை. விழுவதற்கு முன்னால் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், வலிக்கிறதா என்று பார்க்க.