இரண்டு மணித் தண்ணீர்

உங்கள் காலணி பாழாகிவிடும் என்று வாசலிலேயே சொன்னேன், தம்பி. இந்தச் செம்மண் பிடித்தால் லேசில் விடாது. என் மனைவி இருந்தவரை என் காலுறைகளை மட்டும் தனியாகத்தான் துவைப்பாள். பரவாயில்லை, அந்தக் கித்தான் சுருள்மேல் உட்காருங்கள். மழை வந்தால் மைதானத்தை மூடுவதற்கு வைத்திருப்பது. இன்றைக்கு அதற்கு வேலையிருக்காது. நோட்டுப் புத்தகத்தை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அணியின் அலுவலகத்திலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி ஐயோவா வரைக்கும் வந்திருக்கிறீர்கள், அதுவும் ஒரு பேஸ்பால் மைதானத்தின் தரை பராமரிப்பாளனைப் பார்க்க. முப்பது வருடத்தில் இதுதான் முதல் முறை. உங்கள் ஆட்கள் இங்கே வந்தால் ஆட்டக்காரர்களைத்தான் பார்ப்பார்கள். வலைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, ஓட்டம், கை வீச்சு, பந்து பிடிக்கும் கை, அடி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். எண்பதுக்கு மேலும் கிடையாது, இருபதுக்குக் கீழும் கிடையாது. ஏன் இருபதில் தொடங்குகிறது என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, ஹாட் டாக்குக்குக் கடுகுச் சாந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தைப் போய்ப் பார்ப்பேன். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில், பந்து அதிகமாக வரும் இடம். அங்கே நின்றவன் எப்படிப்பட்டவன் என்பது மண்ணிலேயே இருக்கும்.

நீங்கள் கேட்க வந்தது எட்டு வருடத்துக்கு முந்தைய கோடை. அந்த வருடம் எங்களுக்கு இரண்டு ஷார்ட்ஸ்டாப்களை அனுப்பினீர்கள். ட்ரென்ட் ஹாலக், லெவி ப்ரூசோ. இருவருக்கும் இருபத்தோரு வயது. ஜூலை நடுவில் ஒருவனை மேல் அணிக்கு எடுத்துக்கொள்வீர்கள், மற்றவன் இங்கேயே இருப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, பயிற்சியாளர் கஸ் வொய்டெக் ஒருநாள் அவன், ஒருநாள் இவன் என்று அட்டவணை போட்டு வீரர்கள் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். எந்தத் தேதியில் யார் அங்கே நிற்பான் என்பது எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே தெரியும். இதைத்தான் நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ட்ரென்ட் நல்ல பையன்தான். குதிரை மாதிரி உடம்பு. அவன் ஆடிய மறுநாள் காலையில் அந்த இடத்தைப் பார்த்தால் இரவோடு இரவாக மாடு மேய்ந்துவிட்டுப் போனதுபோல இருக்கும். சரி பண்ண நாற்பது நிமிடம் ஆகும். லெவி நின்ற இடத்தில் எட்டுப் பத்து தடம்தான், அதுவும் ஆழமில்லாமல். அவன் பந்தைத் துரத்த மாட்டான். பந்து எங்கே வரும் என்று முன்பே போய் நின்றிருப்பான். ஆட்டம் முடிந்ததும் தன் தடத்தைத் தானே காலால் மூடிவிட்டு, மண்ணைச் சமன்படுத்தும் வாரியை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்து, இருந்த இடத்திலேயே சாத்திவிட்டுப் போவான். முப்பது வருடத்தில் வாரியைத் திரும்ப வைத்த ஆட்டக்காரன் அவன் ஒருவன்தான்.

கஸ் அவனைக் கிண்டல் செய்வார். “என்ன லெவி, ஆட வந்தியா, பெருக்க வந்தியா?” என்பார். லெவி, “ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தானே கோச்” என்பான்.

ஆகவே ஒப்பீடு எனக்கு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. லெவிதான். உங்கள் ஆட்களும் மே கடைசியில் அதே முடிவுக்கு வந்தார்கள். வலைக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது, நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. ஜூலை வரைக்கும் காத்திருப்பானேன் என்றார் ஒருவர்.

இந்த ஊரை நீங்கள் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஹார்லன் ஃபெர்ரி என்கிற இந்த ஊரில் நல்லது எதுவும் ஆகஸ்ட் வரை தங்காது. நல்ல ஆட்டக்காரன் வருவான். அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகும்போது கொண்டுபோய்விடுவீர்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் கோடையை முடிப்போம். ஒரு நல்ல ஷார்ட்ஸ்டாப்பை ஒரு பருவம் முழுக்க, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்க்க வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படுவதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு பருவம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தளப்பாதை மண்ணுக்கு நான் மூன்று முறை தண்ணீர் காட்டுவேன். பதினொரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, ஆட்டத்துக்கு முன் ஐந்து மணிக்கு ஒன்று. இதில் இரண்டு மணித் தண்ணீர்தான் முக்கியம். அது உள்ளே இறங்கினால் பந்து தாழ்வாக, ஒழுங்காக வரும். அதைக் காட்டாமல் விட்டால் மேலே மட்டும் ஈரமாக இருக்கும், அடியில் ஓடு மாதிரி இறுகிவிடும். பார்த்தால் தெரியாது. ஐந்து மணித் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

லெவியின் நாட்களில், நான்கு அடி எடுத்து வைத்தால் இந்தப் பக்கம், ஆறு அடி எடுத்து வைத்தால் அந்தப் பக்கம், அவ்வளவு இடத்துக்கு மட்டும் இரண்டு மணித் தண்ணீரைக் காட்டாமல் விட்டேன். கவனியுங்கள், நான் எதையும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் இருந்தேன். முதல் வாரம் அவ்வளவுதான். பிறகு ஆணிப் பலகையால் அந்த இடத்தைக் கீறிவிட்டு, கிளம்பிய கட்டிகளை உடைக்காமல் மேலே மண்ணைத் தூவினேன். அதை வேண்டுமானால் செய்தேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

எதிரணி ஷார்ட்ஸ்டாப்பும் அதே இடத்தில்தானே நின்றான் என்கிறீர்கள். நின்றான். வந்த விருந்தாளி தரையைக் குறை சொன்னால் எந்த ஊரில் காது கொடுப்பார்கள்?

எண்ணிக்கை உங்களிடம் இருக்கும். லெவி உள்ளூரில் ஆடியது பதினைந்து ஆட்டம், பந்தைத் தவறவிட்ட பிழை பதினான்கு. வெளியூரில் பதினாறு ஆட்டம், பிழை ஒன்று. இதைப் பார்த்ததும் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று உங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொந்த ஊர்க் கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறான் என்று எழுதினார்கள். எங்கள் கூட்டம் அறுநூறு பேர். அதில் பாதி ஹாட் டாக் மலிவாகக் கிடைக்கும் நாளில் மட்டும் வருகிறவர்கள். மனப் பயிற்சியாளர் ஒருவரைக்கூட அனுப்பினீர்கள். மூக்கால் இழுத்து வாயால் விடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம் லெவி, அதையும் ஒழுங்காகச் செய்தான்.

அவன் மட்டும்தான் கேட்டான். ஒருநாள் மதியம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தி, மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தான்.

“டெல், என் பக்கம் மட்டும் தரை கொஞ்சம் கெட்டியா இருக்கோ?”

“அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி. ஏன், கையை ஊர்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா? அம்மாவுக்கு போன் போட்டு அனுப்பிவிடச் சொல்லு.”

சிரித்தான். “இல்ல டெல், நெசமாத்தான் கேக்குறேன்.”

“நெசமாத்தான் சொல்றேன். தரைல ஒண்ணுமில்ல. கைதான்.”

அவன் என்னை நம்பினான். நாங்கள் அவ்வளவு நெருக்கம். மறுநாளிலிருந்து மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, நூறு பந்து கூடுதலாக அடிக்கச் சொல்லிப் பிடிக்கப் பழகினான். அதே இடத்தில் நின்றுதான். நான் மூன்றாம் தளத்துப் பக்கம் புல் வெட்டிக்கொண்டே பார்ப்பேன். அப்போதும் அவன் தடம் ஆழமாக விழாது. பார்க்கப் பார்க்க அலுக்காது, தம்பி.

ஜூலை ஒன்பதாம் தேதி ஒரு பந்து கட்டியில் பட்டு எழும்பி அவன் வாயில் அடித்தது. இரண்டு பல் போயிற்று. முன்பல் இல்லை, அதற்குப் பக்கத்துப் பல். பல் மருத்துவரிடம் நான்தான் என் வண்டியில் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான், இருக்கையில் ரத்தம் படுகிறதாம். ஒரு வாரம் என் வீட்டில் வைத்து, தினமும் சூப்பும் மில்க்‌ஷேக்கும் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். வேறு யாரும் வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் ட்ரென்ட்டை மேலே எடுத்துக்கொண்டீர்கள். லெவி இங்கே இருந்தான்.

அன்றைக்கே இரண்டு மணித் தண்ணீரை மறுபடியும் காட்ட ஆரம்பித்தேன். பஞ்சு மாதிரி வைத்திருந்தேன் அந்த இடத்தை. அந்த மாதிரி ஒரு தரையை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. ஆனால் பந்து வரும்போது லெவி முகத்தைத் திருப்ப ஆரம்பித்திருந்தான். நூல் அளவுதான். வலைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் தெரியாது. தடத்தில் தெரிந்தது: குதிகால் முதலில் பதிந்திருந்தது, பின்வாங்குகிறவனுடைய தடம். ஆகஸ்டில் அவன் இடத்தையும் சரி பண்ண எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் பார்க்க விரும்பிய பருவம் இதுவல்ல.

அடுத்த வசந்தத்தில் அவனை விடுவித்துவிட்டீர்கள். ஒரு காகிதம், ஒரு கைகுலுக்கல். ட்ரென்ட் பெரிய அணியில் எத்தனை ஆட்டம் ஆடினான்? பதினொன்று. இப்போது எங்கேயோ கார் விற்கிறான். நீங்கள் தேர்ந்தெடுத்தவனைவிட நான் தேர்ந்தெடுத்தவன் நல்ல நிலையில் இருக்கிறான் என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

லெவி நேரே இங்கேதான் வந்தான். மெய்ன் மாநிலத்தில் இருக்கும் சொந்த ஊர் வரைக்கும் போய் அப்பா முகத்தில் விழிக்க முடியாது, ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டான். அந்த வாரியை எடுத்துக் கொடுத்தேன். ஏழு வருடமாக என்னுடன்தான் இருக்கிறான். அதோ, குழாயுடன் இரண்டாம் தளத்தருகே நிற்பது அவன்தான். மெதுவாகப் பேசுவோம்.

இந்த வருடமும் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஓக்லஹோமாப் பையன் அபாரம், தடமே விழாது. செவ்வாய், வியாழன் அவன் முறை. அந்த நாட்களில் இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டாம் என்று லெவியிடம் சொல்லியிருந்தேன். குழாய் இப்போது அவன் கையில்தானே இருக்கிறது. முதல் தடவை சொன்னபோது அவன் நாக்கு வாய்க்குள் அசைந்தது. நாக்கால் அந்தப் பல் இருந்த இடத்தைத் தடவுவது அவன் வழக்கம். பிறகு, “சரி டெல்” என்றான்.

நோட்டைத் திறக்கிறீர்கள். நான் உங்கள் மதிப்பெண் நோட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்புங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். இது லெவியின் கையெழுத்து. தேதி, மணி, எவ்வளவு நிமிடம் தண்ணீர். ஒவ்வொரு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் எதிரே, “இரண்டு மணி: டெல் வேண்டாம் என்றார்.” கடைசிப் பக்கத்தில் கஸ் போட்ட பழைய அட்டவணையை ஒட்டி வைத்திருக்கிறான். எட்டு வருடம் அதைக் கசங்காமல் வைத்திருந்திருக்கிறான். பார்த்தீர்களா எழுத்தை? எதைச் செய்தாலும் அப்படித்தான், துப்புரவாகச் செய்வான்.

உங்களை வரவழைத்தது அவன்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஓடு இறுகியது என்னால்தான், கட்டிகளைப் புதைத்தது என் கைதான், அவன் கேட்டபோது பொய் சொன்னது என் வாய்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். என்னை அனுப்பிவிட்டால் இந்த வேலை அவனுக்குத்தான் போகும், இல்லையா? அப்படியானால் அவன் இங்கேயே இருந்துவிடுவான்.