அறுபத்தொம்பது மார்க்

இருங்க டாக்டர், இருங்க. முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வைங்க. கையெழுத்து எங்கயும் ஓடிடாது. நான் பேசி முடிச்சப்புறம் போடுங்க, இல்ல போடாம போங்க, அது உங்க இஷ்டம். ஆனா இது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. அறுபத்தொம்பதுன்னா என்ன அர்த்தம்?

இல்ல, அது கேட்டுச்சு. ஆகஸ்ட்ல சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதின டெஸ்ட்ல நூத்துக்கு அறுபத்தெட்டு. இன்னிக்கு அதே டெஸ்ட்ல அறுபத்தொம்பது. ஒரு மார்க் கூடவே வாங்கியிருக்கே, மூளைக்கு ஒண்ணும் ஆகல, சனிக்கிழமை ஆடலாம்ங்கறீங்க. கேட்டுச்சுங்கறேன். போன சனிக்கிழமை மண்டையில அடி வாங்கினவன் வியாழக்கிழமை முன்னைவிட புத்திசாலி ஆயிட்டான். அப்ப வாரம் ஒரு அடி குடுக்கச் சொல்லுங்க, மே மாசத்துக்குள்ள நான் புரொஃபசர் ஆயிடறேன்.

சிரிக்காதீங்க. நான் கோவமாத்தான் பேசறேன்.

ஆட இஷ்டமில்லையான்னா கேக்கறீங்க? யாரு சொன்னா? நான் சொன்னேனா? மூணு வருஷமா இந்தக் காலேஜுக்கு நான் ஆடிட்டிருக்கேன். மொத வருஷம் பத்து மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். அந்த ஒண்ணும் அவங்க பஸ்ஸு பாதி வழியில நின்னு போனதால. அப்பவும் ஆடினேன். எங்க டீமுக்குப் பேரு கொக்கு. எதிர் டீம் பசங்கள்லாம் கையைத் தட்டி ஷூ ஷூன்னு வெரட்டுவானுங்க, அப்பவும் ஆடினேன். இந்த வருஷம் ஒம்பதுக்கு ஒம்பது ஜெயிச்சிருக்கோம். முப்பத்தோரு வருஷத்துல மொத தடவை. சனிக்கிழமை பிரேடி காலேஜை அடிச்சா பத்து. ஊர்ல இருக்கற எல்லா நாயும் எங்க டீம் ஊதா கலர் பனியன் போட்டுட்டுத் திரியுது. முடி வெட்டற நிக்கோல்ஸ் கடைக்கு வெளிய போர்டு மாட்டியிருக்கான், லைன் பசங்களுக்கு இலவசம்னு. எனக்கு ஆட இஷ்டமில்லையாம்!

நீங்க ஐஸ் மேல சறுக்கற ஊர்லேர்ந்து வந்தவங்க, இந்த அமெரிக்கன் ஃபுட்பால்ல நான் என்ன பண்றேன்னே உங்களுக்குத் தெரியாது. பேப்பர்ல பேரு வர்றது நோவாட்னிக்கு. அவன்தான் பந்தை எறியறவன், அழகா இருப்பான், பல்லு விளம்பரம் மாதிரி. அவனுக்கு முன்னாடி அஞ்சு தடியனுங்க நிப்போமில்ல, அதான் லைன், அந்த வரிசைக்கு நடுவுல குனிஞ்சு நின்னு காலுக்கு இடையில பந்தை அவனுக்குத் தள்ளி விடறவன் நான். தள்ளின அடுத்த நொடி எதிர்ல இருக்கற முன்னூறு பவுண்டு மாமிசம் என் மேல வந்து விழும். ஒரு மேட்ச்சுக்கு எழுபது தடவை குனியணும், எழுபது தடவை முட்டணும். அது மட்டும் இல்ல. குனியறதுக்கு முன்னாடி எதிராளிங்க நிக்கற நெலையைப் பாத்து, யாரு யாரைத் தடுக்கணும்னு ஒரே வார்த்தையில மத்த நாலு பேருக்கும் கத்தணும். ரெண்டு நொடி. கணக்கு மாதிரிதான். நான் மேத்ஸ்தான் படிக்கறேன், அது உங்க ஃபைல்ல இருக்கா? இருக்காது. எடை இருக்கும், உயரம் இருக்கும். எங்களையெல்லாம் எடை போட்டுத்தானே எடுக்கறீங்க.

அடி எப்படி பட்டுச்சுன்னா... அதைத்தான் ஞாயித்துக்கிழமையே கேட்டீங்களே. எனக்குத் தெரியாது. வீடியோவுல பாத்தேன். மேட்ச்சோட மூணாவது குவார்ட்டர். ஒருத்தன் குனியறான், நிமிர்றான், இன்னொருத்தன் முழங்கால் அவன் மண்டைக்கு வருது, விழறான். முதுகுல அறுபத்திரெண்டுன்னு போட்டிருக்கு. அட, நம்ம நம்பராச்சேன்னு பாத்தேன்.

அதுக்கப்புறமும் பதினோரு தடவை பந்து குடுத்திருக்கேன். ஒரு தடவை நோவாட்னி கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன், பந்து அவன் வயித்துல போய் பட்டுச்சு. டேய் கூபிக், எனக்குப் புள்ள பொறக்க வேணாமாடான்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. இன்னொரு தடவை நான் டென்வர், டென்வர்னு கத்தியிருக்கேன். பக்கத்துல நிக்கற சியோனே என்னைத் திரும்பிப் பாத்துட்டு, அண்ணே, அது போன வருஷத்து வார்த்தை, இந்த வருஷம் நீயே மாத்தினியேங்கறான். அதுக்கும் சிரிச்சாங்க. ஜெயிச்சிட்டிருந்தா எல்லாமே காமெடிதான்.

அதனாலன்னு இல்ல. சும்மா சொல்றேன்.

தலைவலியா? இல்லன்னு அப்பவே சொன்னேனே. பழக்க தோஷம். யூனிஃபார்ம் போட்டவன்கிட்ட வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் வாயில வரும். கையி முறிஞ்சு தொங்கினாலும் ஆமான்னு வராது.

யாரும் என்னை ஆடுன்னு சொல்லல, அது வேற. சொன்னாத்தான் நான் நாலு வார்த்தை நறுக்குன்னு குடுத்திருப்பேனே. கோச் லிண்ட்கிரென் என்ன பண்றாரு? செவ்வாக்கிழமை பிராக்டிஸ்ல எனக்குப் பதிலா ட்ரெவரை குனியச் சொன்னாரு. அவன் இந்த வருஷம் சேந்தவன். மூணு பந்து, மூணும் நோவாட்னி தலைக்கு மேல போச்சு. ஒண்ணு போய் தண்ணி டிரம்முக்குள்ள விழுந்துச்சு. கோச்சு ஒரு வார்த்தை திட்டல. மெதுவா திரும்பி, ஓரமா நிக்கற என்னைப் பாத்தாரு. கூபிக், உன் மண்டைக்குள்ள ஏதாச்சும் இருந்தாத்தானேடா அடிபடறதுக்குன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் தோள்ல கையைப் போட்டு, டாக்டர் என்ன சொல்றாங்களோ அதுதான் எனக்கும் வேதம், நான் நடுவுல வர மாட்டேன்னாரு. நல்லவரு. ரொம்ப நல்லவரு. எல்லாரும் நல்லவங்க. அதான் எனக்கு மூச்சு முட்டுது.

எங்கப்பா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு, நாளைக்கு காலைல ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றாரு. சித்தப்பா, அத்தை எல்லாரும். தானியக் கிடங்குல வேலை பாக்கறவரு, இந்த மாசம் லீவே கெடைக்காது. கெஞ்சி வாங்கியிருக்காரு.

அந்த போன் அடிக்கறது எனக்குத்தான், விடுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் நோவாட்னி லைன் பசங்களுக்கு சாப்பாடு போடணும். அது வழக்கம். அவனைக் காப்பாத்தறது நாங்கதானே. அவங்கம்மா கறியும் முட்டைக்கோஸும் அடைச்ச ரொட்டி சுட்டுட்டு வந்திருப்பாங்க. எனக்கு மட்டும் தனியா ஆறு. நான் போய் உக்காந்ததும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பானுங்க. என்னடா, போட்டாங்களா கையெழுத்து?

சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது. இந்த மெஸ்ஸுல கார்டு தேய்க்கற மிஸஸ் புரூயிட் இருக்காங்கல்ல, அந்தம்மாகூட நேத்து எனக்குப் பெரிய சண்டை. காலைல போறேன், கார்டை நீட்டறேன், ஏம்ப்பா, இப்பத்தானே சாப்ட்டுட்டுப் போனேங்கறாங்க. நான் விடுவேனா? உங்க மெஷின் கோளாறு, ரெண்டு முட்டையைத் திருடற அளவுக்கு நான் கேவலமா போயிட்டேனான்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சேன். பின்னாடி பொண்ணுங்கள்லாம் வரிசையில நிக்குது. அந்தம்மா மெஷின் துண்டுச் சீட்டைக் கிழிச்சுக் குடுத்தாங்க. ஏழு பத்துக்கே சாப்ட்டதா என் பேரு. அப்புறம் என் சட்டையைக் காட்டினாங்க. மஞ்சக்கரு ஒட்டியிருந்துச்சு.

என்ன எழுதறீங்க? அதை எழுதாதீங்க. சும்மா கதை சொல்லிட்டிருக்கேன்.

சரி, கேக்கறேன், பதில் சொல்லுங்க. இன்னிக்கு நான் நல்லா இருக்கேன்னு எதை வெச்சு சொல்றீங்க? ஆகஸ்ட் நம்பரை வெச்சு. ஆகஸ்ட்ல அறுபத்தெட்டுன்னு யாரு சொன்னா? கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?

நான்தான்.

இல்ல, உளறல. ஃபைலைத் திருப்பிப் பாருங்க. பன்னெண்டு வார்த்தை காட்டினீங்க, அரை மணி கழிச்சு எது எது வந்துச்சுன்னு கேட்டீங்க. அஞ்சு சொல்லியிருப்பேன். மேத்ஸ்ல மொத மார்க் வாங்கறவன், அறுபது விதமான ஆட்ட வியூகத்தை மனப்பாடமா வெச்சிருக்கறவன், பன்னெண்டு வார்த்தையில அஞ்சுதான் சொல்றான். உங்கள்ல ஒருத்தருக்காவது, ஏன்டா தம்பி இப்படின்னு கேக்கத் தோணுச்சா? நீங்க அப்ப இல்ல, சரி. பழைய டாக்டர் இருந்தாரு. அவரு பாத்துட்டு, லைன்ல நிக்கறவன்தானே, இவ்வளவுதான் வரும்னு டிக் அடிச்சாரு. குண்டா இருக்கறவன் மண்டுதான்னு முடிவு பண்ணிட்டீங்க. அந்த முடிவை நம்பித்தான் நாங்க பண்ணோம்.

ஆமா, நாங்க. பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். லைனுக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் ஐஸ் தொட்டியில உக்கார வெச்சு சீனியர் சொல்லித் தருவான். எனக்கு சொல்லித் தந்தாங்க, நான் சொல்லித் தந்தேன். ஆகஸ்ட் டெஸ்டை சொதப்பு. அப்பத்தான் நடுவுல அடிபட்டாலும் மார்க் எறங்கின மாதிரி தெரியாது, ஆட விடாம வெளிய உக்கார வெக்க மாட்டாங்க. அதுக்கும் ஒரு அளவு இருக்கு. ரொம்ப சொதப்பினா கம்ப்யூட்டரே சந்தேகப்படும், மறுபடி எழுதச் சொல்லும். சரியான அளவுல மண்டுவா இருக்கணும். அதுல நான் கெட்டிக்காரன். எழுபதுக்குக் கீழ, அறுபத்தஞ்சுக்கு மேல. கணக்கு போட்டு வாங்கினது.

தெரியும். உண்மையாத்தான் எழுதினேன்னு கீழ கையெழுத்து போட்டிருக்கேன். பொய்யின்னு தெரிஞ்சா ஸ்காலர்ஷிப் காலின்னும் அதுலயே எழுதியிருக்கு, படிச்சிட்டுத்தான் போட்டேன். நான் வாயைத் தொறந்தா என்னோட போகாது. மத்தவனுங்களையும் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொல்வீங்க. சனிக்கிழமை நோவாட்னிக்கு முன்னாடி நிக்க ஆளுக்குப் பதிலா அஞ்சு நாற்காலிதான் இருக்கும். தொறக்கலைன்னா நீங்க கையெழுத்து போடுவீங்க, நான் போய் குனியணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்துலதான் போய் முட்டறேன். வேற யாரையாவது திட்டலாம்னு மூணு நாளா தேடறேன் டாக்டர். ஆளே கெடைக்கல. அதான் உங்களைத் திட்டிட்டிருக்கேன்.

அந்த ஆகஸ்ட் வார்த்தை பன்னெண்டும் எனக்கு இப்பவும் தெரியும். பாக்கறீங்களா? ஏணி, கொள்ளு, தபால், குதிரை, மெழுகு, தோட்டம், ஊசி, புயல், வெண்ணெய், மணி, சாவி, தொப்பி. சரியா இருக்கா? சரிபாருங்க. வேணும்னே ஏழு வார்த்தையை விடணும்னா மொதல்ல பன்னெண்டையும் ஞாபகம் வெச்சிருக்கணும்ல.

இன்னிக்குக் குடுத்ததா? இப்ப, ஒரு மணி நேரம் முன்னாடி குடுத்தது...

ஏதோ ஒரு பழம். பழம்தானே?

சொல்லாதீங்க. வரும், இருங்க.

சரி, விடுங்க. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். இன்னிக்கு நான் ஒண்ணு கூட வேணும்னு தப்பா போடல. உள்ள வரும்போதே முடிவு பண்ணிட்டு வந்தேன், தொண்ணூத்தஞ்சு வாங்கணும், வாங்கி உங்க முன்னாடி நீட்டணும், ஆகஸ்ட்ல ஏமாத்தினேன், ஆனா மண்டை நல்லாத்தான் இருக்கு, என்ன வேணா பண்ணிக்கோங்கன்னு சொல்லணும். நிமிர்ந்து உக்காந்து, பல்லைக் கடிச்சுகிட்டு, ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை பாத்துத்தான் போட்டேன்.

அறுபத்தொம்பது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பேனா மூடி கீழ விழுந்துருச்சு பாருங்க, மேசைக்கு அடியில உருண்டிடுச்சு. இருங்க, நான் எடுத்துத்...

இல்ல. நீங்களே எடுத்துக்கோங்க டாக்டர். குனிஞ்சா எனக்கு சுத்துது.