பெடாக் டப்பா

— டாக்டர் திரும்பி வர்றதுக்குள்ள சொல்லு இஸ்ஸதி. மூஞ்சில என்னத்தப் பூசுனே?

— ஒண்ணும் பூசல உம்மா.

— பொய் சொல்லாதே லா! கண்ணு ரெண்டும் வீங்கிப் போச்சு. ஒண்ணுக்கு நுரை நுரையா போகுது. பதிமூணு வயசுப் புள்ளைக்குக் கிட்னியில கோளாறுங்கறாங்க. ரத்தத்துல பாதரசமாம்.

— பாதரசம்னா?

— விஷம்டி. வெள்ளையாக்குற கிரீம்ல கலப்பாங்களாம்.

— நான் மௌத்தாயிடுவேனா உம்மா?

— வாயக் கழுவு! மருந்து இருக்காம். எந்த கிரீம்னு தெரியணுமாம், அவ்ளோதான்.

— அடிப்பீங்க.

— வல்லாஹி அடிக்க மாட்டேன்.

— கிளாஸ்ல அதிரா விக்கிறா. கரடிக்குட்டி படம் போட்ட பிங்க் டப்பா. ஸ்கூல் புள்ளைங்களுக்குன்னே செஞ்சதுன்னு போன்ல லைவ்ல விக்கிற ஒரு அக்கா சொன்னாங்க. எல்லாரும் பூசுறாங்க. நான் மட்டும்தான் கறுப்பு.

— எவ சொன்னா உன்னைக் கறுப்புன்னு?

— நீங்கதான். லிட்டில் இந்தியாவுல பெருநாளுக்குத் துணி எடுக்கறப்ப. பச்சை வேணாம், இன்னும் கறுப்பாத் தெரியும்னு.

— யா அல்லாஹ்... சரி, டப்பா எங்கே? உன் பையத்தான் தினமும் கிண்டுறேனே, ஒண்ணும் காணோமே?

— அதுக்குப் பயந்துதான்... வேற ஒண்ணுல கலந்து வச்சேன்.

— எதுல?

— பாத்ரூம்ல இருக்குமே, குளிர்ச்சிக்குப் பூசுற பவுடர், பெடாக் செஜோக். நீங்க அரிசிய ஊறவச்சு அரைச்சு வைப்பீங்களே, அந்த டப்பாவுல. கிரீம் தீரத் தீர வாங்கி அதுலயே கலந்தேன். அதப் பூசுனா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க.

— அந்த டப்பாவுலயா?

— ஏன் உம்மா எந்திரிக்கிறீங்க?

— போன் எங்கே? போன எடு! உன் தம்பி ஐமான் பெருநாள் முடிஞ்சதுலேர்ந்து பால் குடிக்காம கத்துறான். கையும் காலும் செவந்து வேர்த்துக் கொட்டுது. உஷ்ணம்னு நெனச்சு நான் அதையே அள்ளி அள்ளி... வீட்டுல இப்ப அவன் ரோஹானாகிட்டல்ல இருக்கான்... ரோஹானா! போன எடுடி!

— ஆ, ராத்தா. இஸ்ஸதி எப்படி இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு?

— ஐமான் எங்கே?

— இங்கதான், என் மடியில. இப்பத்தான் குளிப்பாட்டி, நீங்க சொன்ன மாதிரியே அந்த பெடாக்க உடம்பு பூரா பூசிவிட்டேன். நல்லா கேக்குது ராத்தா. பாருங்களேன், இப்ப அழவே இல்ல. அசையாம கெடக்கான்.